உல்கு கொண்டோர் ஆற்றுக்கு என் கொடுத்தார்?

திருச்சிராப்பள்ளியினின்று வடக்கு நோக்கிச் செல்லும் பேருந்து காவிரிப் பாலத்தைக் கடந்து, திருவரங்கத் தீவை ஊடறுத்துப் போய், கொள்ளிடத்தையும் கடந்து கரையேறியதும், நடத்துநர் உரத்த குரலில் ஓர் இடத்தின் பெயரைக் கூவுவார். “நம்பர் ஒன் டோல்கேட்” என்பது அப்பெயர். கூவுகின்றவர் தமிழர், கேட்டு இறங்குகின்றவரும் தமிழர். பெயரில் மட்டும் ஒரு தமிழ்ச்சொல்லும் இல்லை. வண்டிகளை மறித்துக் காசு கொண்ட பழைய சாவடி அங்கு இல்லாதொழிந்து நெடுங்காலம் ஆயிற்று. காசு கொண்டவன் மொழி மட்டும் கரையிலேயே தங்கிவிட்டது.

அவ்விடத்தினின்று மேற்கே போனால் முக்கொம்பு. காவிரியினின்று கொள்ளிடம் பிரியும் மேலணை ஆங்கு உளது. கிழக்கே போனால் கல்லணை. வடக்கே சென்னை நெடுஞ்சாலையில் சிறிது தொலைவு போனால் சமயபுரத்தில் இற்றைநாள் சாவடி. ஆற்றை மறித்த அணை இரண்டு. வழியை மறித்த சாவடி இரண்டு. அவற்றுள் ஒன்று பெயரளவில் நிற்பது, மற்றொன்று பொருளளவில் நிற்பது. தமிழ்நாட்டில் ஆண்டவர் அனைவரும் ஆற்றிலும் பொருள் கொண்டனர். வழியிலும் பொருள் கொண்டனர். கொண்டது பிழையன்று. பேணப்பட வேண்டிய எதற்கும் பொருள் வேண்டும். கொண்ட பொருள் கொண்ட இடத்துக்குத் திரும்பிற்றா என்பதே வினா. இவ்வொரு வினாவைக் கையில் வைத்துக்கொண்டு ஈராயிரம் ஆண்டை நோக்கினால், நம் ஏரிகள் தூர்ந்ததன் கரணியமும் கொள்ளிடம் பள்ளமானதன் கரணியமும் ஒருங்கே விளங்கும்.

வழியிற் கொள்ளும் பொருளுக்குப் பழந்தமிழர் வழங்கிய பெயர் உல்கு. திருக்குறளின் 756-ஆம் குறள் வேந்தனுக்குரிய பொருள் மூன்றனுள் ஒன்றாக இதனை எண்ணுகின்றது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பாட்டு இரண்டு பத்துப்பாட்டுள் உள. அவற்றுள் பெரும்பாணாற்றுப்படை உல்கு கொள்ளும் பெருவழியைக் காட்டுகின்றது. மிளகுப்பொதி சுமந்து முதுகு தழும்பேறிய கழுதைச் சாத்து அவ்வழியே போகின்றது. வழிகள் பிரியும் கவலைகளில் வில்லேந்திய காவலர் இருக்கின்றனர். புலவர் உல்கையும் காவலையும் ஒரே மூச்சிற் சொல்கின்றார் என்பதைப் படிப்போர் கருதுதல் வேண்டும். வணிகன் கொடுத்தது எதற்காக என்று அவன் யாரையும் கேட்க வேண்டியதில்லை. கொடுத்த வழியிலேயே வில்லோடு நின்ற காவலனைக் கண்ணாற் கண்டான். மற்றொரு பாட்டாகிய பட்டினப்பாலையில், காவிரிப்பூம்பட்டினத்துப் பண்டப்பொதிகள் மீது புலிப்பொறி இட்டு உல்கு கொள்வோர் வருகின்றனர். அதே பாட்டின் பிற்பகுதியில் கரிகாலன் காடழித்து நாடாக்கியதும் குளந்தோண்டி வளம் பெருக்கியதும் வருகின்றன. துறைமுகத்திற் கொண்ட ஒரு கை, உள்நாட்டிற் குளந்தோண்டிய மறு கை, இரண்டும் ஒருவனுடையவை.

உல்கு என்னும் சொல்லை ஓரத்திலே தள்ளிவிட்டுச் சுங்கம் என்னும் சொல் பின்னர் அமர்ந்துகொண்டது. இன்னொரு சொல்லும் நம்மிடம் இருந்தது. அது ஆயம். வழியிற் கொள்வது வழியாயம். ஏரிக்காகக் கொள்வது ஏரியாயம். வழிக்கும் நீருக்கும் ஒரே சொல்லை ஆண்டதில் ஒரு நேர்மை உளது. கொள்ளப்படும் பொருளின் பெயரிலேயே அது போய்ச்சேர வேண்டிய இடத்தின் பெயரும் ஒட்டிக்கொண்டிருந்தது. ஏரியாயம் என்று தண்டிய பொருளைத் தேருக்குச் செலவிட்டால், ‘பெயரைப் பார்’ என்று ஊரில் ஒருவனேனும் கேட்டிருப்பான். ‘பொதுநிதி’ என்று பெயரிட்ட பின் யார் எதைக் கேட்பது?

வழிச்செல்வோர்க்கு அரசு செய்து வைத்தவற்றுக்குக் கல்லே சான்று. கோவைக்கருகே மேற்கு மலைக்கணவாய் நோக்கிச் சென்ற இராசகேசரிப் பெருவழியின் கல்வெட்டு இன்றும் உளது. தருமபுரிப் பகுதியில் அதியமான் பெருவழியின் தொலைவுக்கற்கள் கிடைத்தன. நாவற்றாவளம் என்னும் ஊர்க்கு இன்னும் எத்துணைக் காதம் என்று அவற்றில் வெட்டப்பட்டுள்ளது. ஒரு கல்லில் 29 காதம். எழுத்தறியாத வண்டிக்காரனும் அறிதற்பொருட்டு, அவ்வெண்ணைக் குழிகளாகவும் குடைந்து வைத்தனர். பெரிய குழி பத்தைக் குறிக்கும். சிறிய குழி ஒன்றைக் குறிக்கும். விரலை விட்டுத் தடவினால் இருட்டிலும் தொலைவு தெரியும். இன்று தமிழ்நாட்டு நெடுஞ்சாலைக் கல்லில் எந்த மொழி இருத்தல் வேண்டும் என்பதற்கே போராட வேண்டியிருக்கின்றது. எழுதத் தெரியாதவனையும் எண்ணிப் பார்த்த அரசு ஒன்று இம்மண்ணில் இருந்தது.

அதற்காகப் பழங்காலத்து உல்கெல்லாம் இனித்தது என்று எவரும் மயங்க வேண்டா. இனித்திருந்தால் முதற் குலோத்துங்கன் ‘சுங்கந் தவிர்த்த சோழன்’ என்று புகழப்பட்டிருக்க மாட்டான். 1070-இல் அரசேறிய அவன் உல்கை நீக்கினான் என்பது அவன் பெற்ற புகழ்களுள் தலையாயது. சுமை கடுமையாக இருந்த இடத்திலேதான் சுமை இறக்கியவனுக்குப் பட்டம் கிடைக்கும். இன்னொன்றும் கருதத்தக்கது. அதே குலோத்துங்கன் 1086-இல் நாடு முழுவதும் நிலத்தை அளப்பித்தான். வழியில் விட்டவன் வயலில் அளந்தான்! அரசுகள் ஒரு கையை மூடும்போது மறு கையை எங்கே நீட்டுகின்றன என்று பார்க்கும் வழக்கம் குடிகளுக்கு என்றும் வேண்டும்.

வழியை விட்டு ஏரிக்கு வருவோம். செய்தி செறிந்து கிடப்பது அங்கேதான். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரி குளங்கள் உள. தொண்டை நாட்டில் ஏரி, தாங்கல்; பாண்டி நாட்டில் கண்மாய், ஏந்தல், ஊருணி; நெல்லைப் பக்கம் குளம். கரை, மதகு, தூம்பு, குமிழி, கலிங்கு, மடை, வாய்க்கால், கண்ணாறு என்று உறுப்புதோறும் சொல் இருந்தது. நீரைத் திறந்து பாய்ச்சுவோனுக்கு நீராணிக்கன் என்றும் நீர்க்கட்டி என்றும் நீர்பாய்ச்சி என்றும் ஊருக்கேற்பப் பெயர் இருந்தது. இத்துணைச் சொல் ஒரு துறையில் இருக்குமானால், அத்துறை அம்மக்களின் அன்றாட வாழ்க்கையாக இருந்தது என்றே பொருள்.

உத்தரமேரூர்க் கல்வெட்டுகளைக் குடவோலைத் தேர்தலுக்காக மட்டும் பாராட்டுவது நம்மவர் வழக்கம். முதற் பராந்தகன் காலத்தில் 919-லும் 921-லும் வெட்டப்பட்டவை அவை. அவற்றில் வாரியங்கள் சொல்லப்படுகின்றன. ஆண்டு வாரியத்துக்குப் பன்னிருவர். தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவர். ஏரி வாரியத்துக்கு அறுவர். ஏரிக்கென்று ஒரு தனி வாரியம் இருந்தது என்பதே பெரிது. அதனினும் பெரிது, யார் வாரியத்தில் அமரலாகாது என்னும் பகுதி. முன்னொருகால் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடத்தில் இடலாகாது. அவன் மட்டுமா? அவன் தந்தை, மகன், உடன்பிறந்தான், தாயொடு பிறந்தான், தந்தையொடு பிறந்தான், சிற்றன்னை பேரன்னை மக்கள், அத்தை மகன், மாமன் மகன், மாமன், மைத்துனன், மருமகன் என்று உறவு முழுவதையும் வரிசையாக எழுதி, இவர் ஒருவர்க்கும் இடமில்லை என்று கதவை அடைத்துவிட்டனர். ஏரிப் பொருளைத் தின்றவன் தன் மைத்துனனை முன்னிறுத்தி மீண்டும் வருவான் என்பதை ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முன்பே அறிந்திருந்தனர். இற்றைநாள் ஒப்பந்தக்காரர் பட்டியல்களைப் புரட்டுவோர்க்கு அவ்வரிசையின் அருமை தெரியும்.

ஆயினும் உண்மையை மறைத்தல் ஆகாது. உத்தரமேரூர் அவை பார்ப்பன ஊரின் அவை. காணி நிலமும் சொந்த மனையும் மறைப்பயிற்சியும் உடையார்க்கே அங்கு இடம். ஏரியில் இறங்கி வண்டலை வெட்டிக் கூடையிற் சுமந்து கரையேற்றியவன் பெயர் அக்குடத்தில் விழவில்லை. அவன் உழைப்புக்கு ‘வெட்டி’ என்று பெயரிட்டு, கூலியின்றிக் கொண்டதும் உண்டு. ஆகவே அக்கால ஊராட்சியை அப்படியே மீட்க வேண்டும் என்பார் கூற்று ஏலாது. மீட்கத்தக்கது ஒன்றே. ஏரியிற் கொண்டது ஏரிக்கு, அதற்குக் கணக்கு, கணக்கில்லாதவனுக்கு இடமில்லை. ஏரியின் பேணுகைக்கென்று ஏரிப்பட்டி என நிலம் ஒதுக்கினர். ஏரியின் மீனைக் குத்தகைக்கு விட்டு வந்த பொருளை அதே ஏரியின் தூர்வாரலுக்குச் செலவிட்டனர். மீன் தந்த நீருக்கு மீனின் விலை திரும்பியது.

இவ்வொழுங்கு ஆங்கிலேயர் வந்தபோதும் முற்றும் அழியாமல் இருந்தது. 1767-க்கும் 1774-க்கும் இடையே பர்னார்டு என்னும் ஆங்கிலப் பொறியாளர் செங்கற்பட்டுப் பகுதியின் ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். களத்தில் நெற்குவியல் அளக்கப்படும்போது ஊர்ப்பணியாளர் பலர்க்கும் ஊர்ப்பொதுவுக்கும் முதலிற் பங்கு பிரிக்கப்பட்டதை அக்கணக்கு காட்டுகின்றது. நீர்ப்பணிக்கும் அதில் பங்கு இருந்தது. அரசின் பங்கு அதன் பிறகு. இவ்வரிசைமுறைதான் உயிர்நிலை. களத்திலேயே, விளைந்த இடத்திலேயே, விளைவித்தவன் கண்முன்னே ஏரியின் பங்கு பிரிந்துவிட்டது. கருவூலம் வரை போய்த் திரும்பி வரவேண்டிய தேவை அதற்கில்லை.

கும்பினியார் இவ்வரிசையைத் தலைகீழாக்கினர். 1820-இல் மன்றோ காலத்தில் நிலைபெற்ற குடிவாரித் தீர்வைமுறையில் அரசு ஊரோடு பேசுவதை விட்டு ஒவ்வோர் உழவனோடும் தனித்தனியே பேசிற்று. தீர்வை காசாகக் கருவூலத்துக்குப் போயிற்று. ஏரிக்கென விட்ட நிலங்கள் பல வரிநிலங்களாயின. பங்கு போன பின் பணி மட்டும் எப்படி நிற்கும்? கரை உடைந்தது, மதகு அடைந்தது. அப்போது அரசு என்ன செய்தது? பங்கைத் திருப்பித் தந்ததா? இல்லை. 1858-இல் ஒரு சட்டம் இயற்றிற்று. ஏரிக்கரை வேலைக்கு ஊரார் வழக்கப்படி உழைப்பைத் தந்தே ஆகவேண்டும், தாராதவனுக்குத் தண்டம். அதன் பெயர் கட்டாய உழைப்புச் சட்டம்! பொருளைத் தான் எடுத்துக்கொண்டு உழைப்பை மட்டும் ஊரார் தலையிற் கட்டியது. 1865-இல் நீர்த்தீர்வைக்கெனத் தனிச்சட்டமும் வந்தது. நீருக்கு விலை வாங்கவும் சட்டம். நீரைக் காக்கக் கூலியின்றி உழைக்கவும் சட்டம். ஏரி ஊருடையதாக இருந்தவரை ஊரான் மண்வெட்டியோடு தானே வந்தான். அரசுடையதான பின், ‘அரசே வெட்டிக்கொள்ளட்டும்’ என்று திண்ணையில் அமர்ந்துவிட்டான். அவனைச் சோம்பேறி என்று எழுதிய ஆங்கில அலுவலர் உளர். அவன் பங்கைப் பறித்தது யார் என்று அவர் எழுதவில்லை.

ஆங்கிலேயர் எல்லாவற்றையும் அழித்தனர் என்று கூறுவதும் நேர்மையன்று. காவிரியின் நீரெல்லாம் கொள்ளிடத்துப் பள்ளத்தில் இறங்கிப்போகத் தஞ்சைப் பகுதி வறண்டு வந்த நாளில், ஆர்தர் காட்டன் 1836-இல் முக்கொம்பில் மேலணையை எழுப்பத் தொடங்கினார். அவ்வணை எண்ணற்ற உழவர் வயிற்றில் பால் வார்த்தது. அவர் கல்லணையை ஆராய்ந்தார். அடியாழம் காணவொண்ணாத மணலில் அடித்தளம் இடும் வழியை இந்நாட்டுப் பழங்கட்டுநரிடமிருந்தே கற்றுக்கொண்டதாகப் பின்னர் மனமுவந்து எழுதினார். அவ்வறிவே கோதாவரிக்கும் சென்றது. கரிகாலன் பெயரால் வழங்கும் அக்கல்லணையிடத்தில் அயலான் ஒருவன் மாணவனாக நின்றான். நம் வீட்டுப் பொறியாளர்க்கு அதனைப் பாடமாக வைத்த கல்லூரிகள் எத்துணை?

இவ்விடத்தே ஒரு சொல்லின் பயணத்தையும் கூறிவிடலாம். அணைக்கட்டு என்னும் நம் சொல்லை ஆங்கிலேயர் தம் நாவுக்கேற்ப ‘அனிகட்’ என்று சிதைத்துத் தம் அகரமுதலியிற் சேர்த்துக்கொண்டனர். அவர் செய்ததில் வியப்பில்லை. அணைக்கட்டைப் பெற்றெடுத்த தமிழன், மேலணையை ‘அப்பர் அனிகட்’ என்றும் கல்லணையைக் ‘கிராண்ட் அனிகட்’ என்றும் பலகை எழுதி நட்டான் பாருங்கள், அங்கேதான் வியப்பு! தன் பிள்ளை அயலூரில் பெயர் மாறித் திரும்பி வர, அதனை அயலான் என்றே அழைக்கும் தாய் உலகில் வேறெங்கேனும் உண்டா?

காட்டன் கட்டியது நன்று. ஆயினும் அரசு அதற்குப் பொருள் தந்ததன் உள்நோக்கமும் கண்டுகொள்ளத்தக்கது. பேராற்றில் இட்ட காசு தீர்வையாகப் பன்மடங்கு திரும்பி வந்தது. சிற்றூர் ஏரியில் இட்ட காசு அங்ஙனம் விரைந்து திரும்பாது. ஆகவே ஊதியம் தரும் ஆற்றுக்கு அணை கிடைத்தது. ஊதியம் தராத ஏரிக்குச் சட்டம் கிடைத்தது. இப்பார்வை 1947-இல் கப்பலேறிப் போய்விட்டதா என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். சென்னையில் தியாகராய நகர் 1920-களில் எழுந்தது பழைய மயிலை நெட்டேரியின் படுகையில். நுங்கம்பாக்கத்து ஏரிப்படுகையில் 1976-இல் திறக்கப்பட்டது வள்ளுவர் கோட்டம். கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்த பெருமானுக்கு ஏரி இருந்த இடத்தில் கோட்டம்! கட்டியவர் தமிழ்ப்பற்றில் குறைந்தவர் அல்லர். ஏரி என்பது வெற்றிடம் என்னும் எண்ணம் அவர் நெஞ்சிலும் அயலானால் ஊன்றப்பட்டுவிட்டது.

மீண்டும் சாவடிக்கு வருவோம். சென்னை மாகாணத்தின் உள்நாட்டு உல்கு 1844-இல் நீக்கப்பட்டது. பின்னர் நகராட்சிகளும் மாவட்ட அமைப்புகளும் சாலை பேணுதற்கெனச் சாவடி வைத்துக் காசு தண்டின. கொள்ளிடக்கரைப் பெயர் போன்றவை அவ்வகைச் சாவடிகளின் எச்சம். 1931-இல் இயக்கூர்தி வரிச்சட்டம் வந்தது. உள்ளூர் அமைப்புகள் தண்டிய சாவடிக்காசு ஒழிந்தது. வரி மாகாணக் கருவூலத்துக்குப் போயிற்று. உள்ளூர்க்கு ஈட்டுத்தொகை வந்தது. ஊர்தியோட்டுவோர்க்கு அது நல்லதே. ஆற்றுக்கு ஆற்று நின்று காசெடுத்துக் கொடுத்த தொல்லை தீர்ந்தது. ஆயினும் அன்று நேர்ந்த இன்னொரு மாற்றத்தை எவரும் எண்ணவில்லை. அதுவரை, குண்டுங்குழியுமான சாலையில் வந்த வண்டிக்காரன் சாவடியில் நிற்பவனைப் பார்த்து, ‘வாங்குகிறாயே, சாலையைப் பார்த்தாயா?’ என்று கேட்க முடிந்தது. ஈட்டுத்தொகையை யாரிடம் போய்க் கேட்பது?

உல்கு ஒருமுறை ஒழிந்தால் ஒழிந்தே போகும் என்பதில்லை. குலோத்துங்கன் தவிர்த்தான், பின்னர் வந்தது. 1844-இல் போயிற்று, வேறு பெயரில் வந்தது. 1931-இல் போயிற்று, நாற்கரச் சாலையோடு வந்தது. இம்முறை ஊரிடம் இல்லை; மாநிலத்திடமும் இல்லை; நடுவண் அரசின் ஆணையத்திடமும் அதன் குத்தகையாளரிடமும் உளது. 2008-இல் இயற்றிய விதி, ஒரே சாலையில் இரு சாவடிக்கிடையே 60 கிலோமீட்டர் இருத்தல் வேண்டும் என்றது. அதற்கு விலக்கும் அதே விதியில் வைக்கப்பட்டது. 2021 பிப்பிரவரி முதல் ஒட்டுச்சீட்டு கட்டாயமாயிற்று. ஊர்தி நிற்குமுன் வங்கிக் கணக்கினின்று காசு பறந்துவிடும். வில்லேந்திய காவலனைக் கண்ணாற் கண்டு கொடுத்தான் மிளகு வணிகன். இற்றைச் சரக்குந்து ஓட்டுநன் கொடுப்பவனையும் காணான், கொள்பவனையும் காணான், கணக்கையும் காணான்.

இனி, ஆற்றில் இன்று கொள்ளப்படும் உல்கு எது? தீர்வை சிறிது, மீன் சிறிது, மணலே பெரிது. 2003-இல் தமிழ்நாட்டரசு ஆற்றுமணல் எடுக்கும் பணியைப் பொதுப்பணித்துறை வழியே தானே மேற்கொண்டது. தனியார் கொள்ளையைத் தடுப்பதே நோக்கம் என்றனர். நோக்கம் நன்று. ஆயினும் மணலுக்கு விலை வைத்தது அரசு, பொறிக்கையை இறக்கி அள்ளியது குத்தகைக்காரன், பள்ளமானது ஆறு. மணல் ஆற்றின் தோல். தோல் இருந்தால்தான் நீர் ஆற்றினுள் தங்கும், கரைக்கிணறு ஊறும், பாலத்தின் கால் நிற்கும். பாலத்துக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் 500 மீட்டருக்குள் மணல் எடுக்கலாகாது என்பது அரசின் சிறுகனிம விதியிலேயே உளது. விதி தாளில் இருந்தது. பொறி ஆற்றில் இருந்தது.

2018 ஆகசுட்டுத் திங்களில் கொள்ளிடத்தில் பெருவெள்ளம் வந்தது. ஆகசுட்டு 22-ஆம் நாள் இரவு முக்கொம்பு மேலணையின் கொள்ளிடப் பகுதியில் 45 கதவுகளுள் 9 கதவுகள் தூண்களோடு பெயர்ந்து போயின. அதே வெள்ளத்தில், திருவரங்கத்துக்கும் அந்த ‘டோல்கேட்’டுக்கும் இடையே 1928 முதல் நின்ற பழைய இரும்புப் பாலத்தின் கால்கள் இறங்கி, ஒரு பகுதி சரிந்து வீழ்ந்தது. நல்வாய்ப்பாகப் பக்கத்தில் புதிய பாலம் 2016-லேயே திறக்கப்பட்டிருந்தது. அணை அகவை முதிர்ந்தது என்றனர் சிலர். அகவை முதிர்ந்ததுதான்; கல்லணைக்கு அதனினும் பன்மடங்கு அகவை. ஆற்றுப்படுகை தாழ்ந்ததே கரணியம் என்றனர் கரையூர் உழவர். கொள்ளிடத்தை நாளும் கண்டவர் சொல் அது. புதிய கதவணைக்கு 300 கோடி உருபாவுக்கு மேற் செலவாயிற்று. மணல் விற்று வந்த பொருளில் ஒரு பகுதி ஆண்டுதோறும் கொள்ளிடத்தின் கரைக்கும் அணைக்கால்களுக்கும் திரும்பியிருக்குமானால் இச்செலவு இவ்வளவு வந்திருக்குமா? இவ்வினாவுக்கு விடை காண வேண்டுமாயின், மணற்கணக்கும் ஆற்றுக்கணக்கும் ஒரே தாளில் எழுதப்படல் வேண்டும். எழுதப்படவில்லை.

இதற்கு மறுப்பு ஒன்று கூறப்படும். ‘கொண்ட இடத்திலேயே செலவிட்டால், ஆறில்லாத ஊருக்கும் சாவடியில்லாத சிற்றூருக்கும் பொருள் ஏது? பொதுக்கருவூலம் இருப்பதே மேட்டினின்று பள்ளத்துக்குப் பாய்ச்சத்தானே?’ என்பர். நல்ல மறுப்பே. பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் அம்முறையே முறை. ஆனால் ஆறும் ஏரியும் சாலையும் பயன்படுத்துந்தோறும் தேய்வன. தேய்வனவற்றுக்குத் தேய்மானத்தை முதலில் ஒதுக்கிய பின்னரே எஞ்சியதை ஊதியம் எனல் வேண்டும். மாட்டுக்குத் தீனி வையாமல் பால் விற்ற காசெல்லாம் ஊதியம் என்று எழுதும் உழவன் எங்கும் இலன். களத்துமேட்டிற் பங்கு பிரித்த பழைய வரிசை கூறியதும் இதுவே. ஏரிக்கு முதற்பங்கு, ஏனையோர்க்கு எஞ்சியது.

2017-இல் தமிழ்நாட்டரசு ‘குடிமராமத்து’ என்னும் பெயரால் ஏரிப்பணியை மீட்டது. முதற்கட்டமாக 100 கோடி உருபாவில் 1,519 பணிகள். பயன்பெறுவோர் பத்து விழுக்காட்டை உழைப்பாகவோ பொருளாகவோ தருதல் வேண்டும் என்பது ஏற்பாடு. பாராட்டத்தக்க தொடக்கம். குடி என்பது தமிழ். மராமத்து என்பது அரபு. ‘குடிப்பணி’ என்றிருக்கலாம், பெயரை விடுக. குடி எங்கே இருந்தது என்பதே கேள்வி. பல ஊர்களில் உழவர் குழுவின் பெயரால் ஒப்பந்தக்காரரே வேலை பார்த்தனர் என்னும் குறை எழுந்தது. பத்து விழுக்காடு உழைப்பை ஊரானிடம் கேட்ட அரசு, மீன் குத்தகையிலும் வண்டல் விலையிலும் ஏரிக்குரிய பங்கை ஊரானிடம் விட்டிருந்தால் அவன் அழைக்காமலே வந்திருப்பான். 1858-இல் செய்த பிழையின் மெல்லிய நிழல் 2017-லும் விழுந்தது.

காவிரியில் நமக்குள்ள உரிமையை இவ்விடத்தே எவரும் குறைத்துப் பேசுதல் வேண்டா. உச்சநயன்மன்றம் 2018 பிப்பிரவரி 16-ஆம் நாள் கருநாடகம் பிலிகுண்டுலுவில் விடவேண்டிய ஆண்டு நீரை 17,725 கோடிக் கன அடி என்று வரையறுத்தது. அதனையும் உரிய திங்களில் உரிய அளவில் பெறுதற்கு நாம் ஓயாது குரல் கொடுத்தாக வேண்டும். கேட்டுப் பெறும் நீர் வந்திறங்கும் ஆற்றில் மணல் இல்லையேல், அந்நீரைத் தாங்கும் ஏரியில் ஆழம் இல்லையேல், வென்ற உரிமை கடலுக்குத்தான் போகும். 2018 ஆகசுட்டில் கொள்ளிடம் வழியே கடலுக்குப் போனதைக் கரையில் நின்ற அனைவரும் கண்டனர்.

ஆகவே தமிழமைப்புகள் கேட்கத்தக்கது பெரிதொன்றுமில்லை, மூன்று எண்கள். ஒவ்வோர் ஆற்றுப்பகுதியிலும் 2003 முதல் எத்துணைச் சுமை மணல் விற்கப்பட்டது? அதனால் எத்துணை உருபா வந்தது? அவ்வுருபாவுள் அதே ஆற்றின் கரைக்கும் அணைக்கும் எத்துணை திரும்பிற்று? இம்மூன்றையும் தமிழில் எழுதிக் கரையூர் ஊராட்சி மன்றத்து வாயிலில் வைத்தல் வேண்டும். சமயபுரம் முதலிய சாவடிகளிலும் அங்ஙனமே, தண்டிய தொகையும் அச்சாலைக்குச் செலவிட்ட தொகையும் தமிழ்ப் பலகையில் நிற்றல் வேண்டும். மார்ச்சு 22-ஆகிய உலக நீர் நாளிலும் ஊரவைக் கூட்டம் நடைபெறுகின்றது. அக்கூட்டத்தில் எழுந்து நின்று கேட்டுத் தீர்மானமாக எழுதுவிப்பதற்கு எந்த ஊரானுக்கும் உரிமை உண்டு. கொள்ளிடத்து வடகரை ஊரார் அன்றே இன்னொரு தீர்மானமும் எழுதலாம். ‘கொள்ளிடக்கரை’ என்று ஒரு பெயர்ப்பலகை எழுதி நட அரைநாள் போதும். நடத்துநர்க்கும் கூவ எளிது.